பிரேக் வேன் பதில்கள்

சென்ற இதழில், அமெரிக்காவில் கூட்ஸ் ரயிலில் தொற்றி ஏறி ஊர் ஊராகப் போகிற ‘ஹோபோ’ கூட்டத்தைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். ஆசிரியர் இந்த மாதம் ஒரு துணிப்பை நிறையக் கடிதம் கொடுத்தனுப்பிவிட்டார். பாதிக் கடிதத்தில் ‘எப்படி ஏறுவது’ என்ற கேள்விதான். பதினெட்டு வருடம் கூட்ஸ் கார்டாகக் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் இருந்து, ஏறியவனை இறக்கிவிட்டே பழகிய ஆளிடம் கேட்கிறீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணே, வீடியோவில் ஒரு அமெரிக்கப் பையன் ஒரு பை, ஒரு நாய், அவ்வளவுதான், கூட்ஸில் ஏறி மூன்று மாநிலம் தாண்டிவிடுகிறான். எங்கள் வீடு தண்டையார்பேட்டை யார்டுக்குப் பின்னால்தான். இங்கே ஏறினால் எதுவரை போகலாம்?
– இன்ஜினியரிங் மாணவர், கொருக்குப்பேட்டை

அத்திப்பட்டு வரை போகலாம் தம்பி. அங்கே லூப் லைனில், அதாவது வண்டியை ஓரம் கட்டுகிற பக்கத் தண்டவாளத்தில், நாலு மணி நேரம் வெயிலில் காயலாம். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். கூட்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கும்மிடிப்பூண்டி என்று போர்டு போட்ட யூனிட் வண்டி, அதாவது எலெக்ட்ரிக் டிரெயின், கும்மிடிப்பூண்டிக்குத்தான் போகும். கூட்ஸ் எங்கே போகும் என்பது வண்டிகளுக்கு வழி சொல்கிற கன்ட்ரோல் ஆபீஸுக்குத்தான் தெரியும், அதுவும் அந்த நிமிடத்துக்கு. கூடூர் வரை என்று சொல்லி என்னை ஏற்றிவிடுவார்கள். பொன்னேரியில் ஓரம் கட்டுவார்கள். பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டிப் போகும். அதற்குள் டியூட்டி நேரம் முடிந்து, வேறு கார்டு வந்து என்னை மாற்றிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு யூனிட் வண்டி பிடித்து நான் வீடு திரும்பிய நாட்கள் எத்தனையோ. சம்பளம் வாங்கிக்கொண்டு போன எனக்கே ஊர் நிச்சயமில்லை.

அமெரிக்கா வேறு மாதிரி. அங்கே தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர்களே பெரும்பாலும் கூட்ஸ் கம்பெனிகள்தான். கூட்ஸ்தான் அங்கே மகாராஜா, பயணிகள் வண்டிதான் பல இடங்களில் காத்துக் கிடக்கும். ஒரே வண்டி நாள்கணக்கில் ஓடும். டிரைவர் மாறுவதற்கென்று சில ஊர்களில் நிற்கும், அந்த ஊர்களைத்தான் இந்தப் பையன்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, அங்கே கூட்ஸ் ஓடுவது ஏறக்குறைய எல்லாமே டீசலில். தலைக்கு மேல் கம்பி இல்லை. அதனால்தான் வேகன் மேல் உட்கார்ந்து சூரிய உதயத்தைப் படம் எடுக்க முடிகிறது. நம் யார்டில் தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். உன் வீட்டு பிளக்கில் இருப்பது 230. இந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே பாய்ந்து வரும். டேங்கர் மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் போன பையன்கள் கதை வருடா வருடம் பேப்பரில் வருகிறதே, அவர்களில் யாரும் கம்பியைத் தொட ஆசைப்பட்டவர்கள் இல்லை.

வீடியோக்காரன் காட்டாதது இன்னும் இருக்கிறது. அங்கே கன்டெய்னர் ஏற்றும் வண்டிகளில் சிலதுக்குத் தரையே கிடையாது. நடுவில் ஓட்டை, கீழே சக்கரமும் ஜல்லியும். இருட்டில் குதித்து உள்ளே போனவனுக்கு அது அப்புறம்தான் தெரியும். மூடு வேகனின் கதவு ஒரு குலுக்கலில் தானாகச் சாத்திக்கொள்ளும், உள்ளேயிருந்து திறக்க முடியாது. அதற்காகவே பழைய ஆட்கள் தண்டவாள ஆணி ஒன்றை எடுத்துப் போய்க் கதவுத் தடத்தில் அடித்துச் செருகி வைப்பார்கள். டபிள்யூ. எச். டேவிஸ் என்று வேல்ஸ் நாட்டுக் கவிஞர் ஒருவர். தங்கம் தேடி க்ளோண்டைக் போகிறேன் என்று கிளம்பி, 1899-ல் கனடாவில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் ஓடும் ரயிலில் தாவி ஏறப்போனார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் பல வருடம் ஏறிப் பழகியவர் அவர்.

சட்டமும் கேட்டுக்கொள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156: பயணிகளுக்கென்று இல்லாத எந்தப் பகுதியிலும், ஊழியர் எச்சரித்த பிறகும் பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். யார்டுக்குள் அத்துமீறி நுழைந்ததற்குப் பிரிவு 147 தனி, அதில் ஆறு மாதம் வரை. கேம்பஸ் இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வாய் என்று யோசி.

ஹோபோ என்கிறார்களே, பிச்சைக்காரர்களைத்தான் அப்படி நாசூக்காகச் சொல்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

இல்லை டீச்சர். அப்படிச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்குள் ஒரு பாகுபாடு உண்டு. ஹோபோ என்பவன் ஊர் ஊராகப் போவான், போன இடத்தில் வேலை செய்வான். ‘டிராம்ப்’ ஊர் சுற்றுவான், வேலை செய்யமாட்டான். ‘பம்’ ஊரும் சுற்றமாட்டான், வேலையும் செய்யமாட்டான். நம் ஊரில் அரிசிச் சோறு சாப்பிடுகிறவன் கூழ் குடிக்கிறவனைப் பார்ப்பதுபோல, இல்லாதவர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. சண்டை போட்ட சிப்பாய்களுக்கு வேலை இல்லை. அதே சமயம் ரயில் பாதை மேற்கே நீண்டுகொண்டே போனது, 1869-ல் கிழக்கும் மேற்கும் இணைந்துவிட்டது. கோதுமை அறுப்பு ஒரு மாநிலத்தில், மரம் வெட்டு இன்னொன்றில், பழம் பறிப்பு மூன்றாவதில். வேலை ஊர் மாறிக்கொண்டே இருக்கும், வேலைக்காரனுக்கு டிக்கெட்டுக்குக் காசு இருக்காது. அறுவடைக்கு ஆள் தேவைப்பட்ட மாதங்களில் இவர்களை வா வா என்பார்கள், அறுப்பு முடிந்ததும் அதே ஊரில் போலீஸ் துரத்தும். எழுத்தாளர் ஜாக் லண்டன் 1894-ல், பதினெட்டு வயதில், நயாகரா பக்கம் இப்படிச் சுற்றித் திரிந்ததற்காக முப்பது நாள் ஜெயிலில் இருந்தார்.

1929-க்குப் பிறகு வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் இது வெள்ளம் போல ஆனது. வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கிளம்பிய பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் இரண்டரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். யார்டு ஓரமாக, தண்ணீர் கிடைக்கிற இடமாகப் பார்த்து மரத்தடியில் கூடுவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ‘ஜங்கிள்’. ஒருவன் உருளைக்கிழங்கு, ஒருவன் வெங்காயம், ஒருவன் எங்கிருந்தோ ஒரு கறித்துண்டு என்று கொண்டுவந்து ஒரே டின்னில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ரயில்வே போலீஸுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘காளை’. ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜேம்ஸ் ஈட்ஸ் ஹௌ. தாத்தா ஜேம்ஸ் ஈட்ஸ், செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேலே 1874-ல் எஃகுப் பாலம் கட்டிய பெரிய இன்ஜினியர், பணக்காரர். பேரன் அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு ஹோபோக்களோடு ஹோபோவாகச் சுற்றினார், அவர்களுக்காகப் பல ஊர்களில் ‘ஹோபோ கல்லூரி’ நடத்தினார். சட்டம், சுகாதாரம், பொருளாதாரம் என்று பாடம், கூடவே சாப்பாடு. பாடத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், சாப்பாட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்பீர்கள், டீச்சர் அல்லவா. நம் சத்துணவுக்கும் முதலில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஹோபோக்கள் சுவரில் ரகசியக் குறி போட்டு, ‘இந்த வீட்டில் நாய் இருக்கிறது, அந்த வீட்டில் சோறு போடுவார்கள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாமே?
– எம்.ஆர்., ராயபுரம்

அந்தக் குறிகளைப் பட்டியல் போட்டு நிறைய படம் வந்திருக்கிறது. பூனை வரைந்தால் நல்ல மனசுள்ள அம்மா என்று ஒன்று. ஆராய்ந்தவர்கள் பலர் இதை அவ்வளவாக நம்புவதில்லை. பேப்பர்காரர்களிடம் ஹோபோக்கள் விட்ட கதையும் அதில் கலந்திருக்கிறது. ஊர் ஊராகப் போகிறவனுக்குக் கதை விடுவதும் ஒரு பிழைப்புதானே.

உறுதியாக நடந்தது வேறு. தன் பட்டப்பெயர், தேதி, எந்தத் திசையில் போகிறான் என்பதைத் தண்ணீர்த் தொட்டியிலும் வேகன் பக்கவாட்டிலும் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள். பின்னால் வரும் சிநேகிதன் படித்துக்கொள்வான். ரயில்வே ஊழியர்களும் தங்கள் பங்குக்கு வேகனில் படம் வரைந்தார்கள். இது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் தண்டையார்பேட்டையில் வேகன் பரிசோதிக்கிறவர்கள் சாக்பீஸ் இல்லாமல் நடமாட மாட்டார்கள். ‘சிக்’ என்று எழுதினால் அந்த வேகனுக்கு உடம்பு சரியில்லை, பிரித்து ஓரம் தள்ளு என்று அர்த்தம். ஒருமுறை விஜயவாடாவிலிருந்து வந்த வேகனில் ‘பொண்ணு பொறந்திருக்கு’ என்று தமிழில் எழுதியிருந்தது. யார் யாருக்கு எழுதினார்களோ. அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த பாயிண்ட்ஸ்மேன்களும் நானும் ஒரு டீ அதிகமாகக் குடித்தோம்.

பெண்கள் இப்படிப் போனதில்லையா? எல்லாக் கதையிலும் ஆண்கள்தான் வருகிறார்கள்.
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

போயிருக்கிறார்கள் அம்மா. பெரும்பாலும் ஆண் உடையில், முடியைத் தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டு. ஏன் அப்படி என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பெண்கள் வருகிற ஒரு கூட்ஸ் கதை அமெரிக்கச் சட்டத்தையே மாற்றியது. 1931 மார்ச் 25. சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் போகிற கூட்ஸ், அலபாமா மாநிலம் வழியாக ஓடுகிறது. திருட்டுத்தனமாக ஏறிய வெள்ளைக்காரப் பையன்களும் கறுப்பினப் பையன்களும் வண்டியிலேயே அடித்துக்கொண்டார்கள். இறக்கிவிடப்பட்ட வெள்ளைக்காரப் பையன்கள் புகார் கொடுத்தார்கள். அடுத்த ஊரில் ஆயுதத்தோடு கூட்டம் காத்திருந்து வண்டியை மடக்கியது. ஒன்பது கறுப்பினப் பையன்கள் பிடிபட்டார்கள். அதே வண்டியில் மில் வேலை தேடிப்போன இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள், ஆண்கள் போடுகிற முழு உடுப்பில். அந்தப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகப் பையன்கள் மேல் பழி விழுந்தது. இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அதில் ஒரு பெண் பின்னால் கோர்ட்டிலேயே, ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சாட்சி சொன்னாள். 1932-ல் உச்ச நீதிமன்றம், சரியான வக்கீல் வைத்துக் கொடுக்காமல் நடத்திய விசாரணை செல்லாது என்றது. யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை, ஆனால் பையன்கள் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று தேடிப் பார்.

கூட்ஸில் ஏறினால் சுதந்திரம் என்று சொல்கிற வீடியோவைப் பார்க்கும்போது இந்த ஒன்பது பேரையும் சேர்த்து நினைத்துக்கொள். ஒரே வண்டிதான், ஒரே குற்றம்தான், டிக்கெட் இல்லாமல் ஏறியது. யார் ஏறினார்கள் என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறியது.

கார்டு ஐயா, என் மகன் எட்டாவது படிக்கிறான். கேட் போட்டிருக்கும்போது நின்றுகொண்டிருக்கும் கூட்ஸுக்கு அடியில் குனிந்து நுழைந்து பள்ளிக்கூடம் போகிறான். சொன்னால் ‘வண்டிதான் நிக்குதேம்மா’ என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள், காட்டுகிறேன்.
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

நீங்கள் கேட்டது ஓடுகிற ரயிலைப் பற்றி இல்லை, ஆனால் இந்த மாதக் கடிதங்களில் எனக்கு முக்கியமானது இதுதான். தம்பி, இதை நீயே படி.

நிலக்கரி ஏற்றுகிற திறந்த வேகன் வண்டியில் 58 வேகன் இருக்கும். நீளம் அறுநூறு மீட்டருக்கு மேல். இன்ஜின் எங்கேயோ, நீ எங்கேயோ. டிரைவர் ஹார்ன் அடித்தால் பஸ் ஹாரனுக்கும் மீன்பாடி வண்டி சத்தத்துக்கும் நடுவில் உனக்குக் கேட்காது. வேகனை வேகனோடு இணைக்கிற ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. இன்ஜின் இழுத்ததும் முதல் வேகன் நகரும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. டம் டம் டம் என்று ஒரு இடி முன்னாலிருந்து பின்னால் ஓடி வரும். முன்பாதி நகர ஆரம்பித்த பிறகும் நீ நுழைகிற இடத்தில் வண்டி நின்றுகொண்டேதான் இருக்கும். அந்த இடி உன்னிடம் வந்து சேரும்போது அந்த வேகன் ஒரே வெட்டில் நகரும். சரக்கோடு ஒரு வேகன் எண்பது டன்.

‘புஸ்’ என்று காற்றுச் சத்தம் கேட்டிருப்பாய். பிரேக் விடுபடுகிற சத்தம் அது. அது கேட்டால் வண்டி புறப்படத் தயார் என்று வைத்துக்கொள். ஆனால் அது கேட்கும் என்று நம்பி அடியில் போகாதே. பத்து நிமிடம் லேட்டாகப் போனால் வாத்தியார் வெளியே நிற்க வைப்பார். நிற்கக் கால் இருந்தால்தானே நிற்க வைப்பார்.

அம்மா, நீங்களும் அப்படிப் போனதுண்டா? நான் போயிருக்கிறேன், வேலைக்குச் சேருவதற்கு முன்னால். கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்கிறவர்களின் எரிச்சல் எனக்கும் தெரியும். மேம்பாலம் பற்றி எழுதச் சொல்லி வேறு பத்துக் கடிதம் வந்திருக்கிறது, அது என் இலாகா இல்லை.

உலகத்திலேயே சட்டப்படி கூட்ஸில் ஏறிப் போகிற இடம் உண்டா?
– எஸ்.கே., மணலி

சட்டப்படி என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் ஜனங்கள் வழக்கமாக ஏறிப்போன இடம் உண்டு: மேற்கு ஆப்பிரிக்காவில் மௌரித்தேனியா. பாலைவனத்துக்குள் இருக்கிற ஸுவராட் என்ற சுரங்க ஊரிலிருந்து கடற்கரையில் இருக்கிற நுவாதிபூ வரை இரும்புத் தாது வண்டி. பாதை சுமார் 700 கிலோமீட்டர், 1963-லிருந்து ஓடுகிறது. வண்டி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாலைவனத்து ஜனங்கள் தாதுக் குவியல் மேலேயே ஆடு, மூட்டையோடு ஏறி உட்கார்ந்து காலங்காலமாக இலவசமாகப் போனார்கள். பகலில் வெயில், ராத்திரி குளிர், எப்போதும் கறுப்புத் தூசு. பின்னாளில் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆசைக்கு ஏறினார்கள். ஆட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ.

இப்படிப் போகிறவர்களுக்கு யாராவது சோறு தண்ணி கொடுப்பார்களா?
– பூ வியாபாரி, காசிமேடு

மெக்சிகோவில் வேராக்ரூஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அந்த வழியாக அமெரிக்க எல்லையை நோக்கி ஒரு கூட்ஸ் போகும். ஏழை நாடுகளிலிருந்து பிழைப்புக்குக் கிளம்பியவர்கள் அதன் மேல் ஏறிப் போவார்கள். அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மிருகம்’. 1995-ல் ஒருநாள் இரண்டு அக்கா தங்கச்சி கடையில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு தண்டவாளம் தாண்டக் காத்து நிற்கிறார்கள். வண்டி மேலிருந்து ‘பசிக்குது அம்மா’ என்று குரல். கையில் இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அம்மா திட்டவில்லை. மறுநாள் சோறும் பீன்ஸும் ஆக்கிப் பொட்டலம் கட்டினார்கள், அன்றிலிருந்து தினமும். ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்று பொட்டலத்தையும், கயிறு கட்டிய தண்ணீர் பாட்டிலையும் நீட்டுவார்கள். லாஸ் பத்ரோனாஸ் என்று பெயர். 2013-ல் அந்த நாட்டின் மனித உரிமை விருது கொடுத்தார்கள்.

நீங்கள் பூ விற்கிறவர் என்பதால் சொல்கிறேன், ஓடுகிற வண்டிக்குப் பொருள் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பீச் ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்கள். அது நின்று கிளம்புகிற யூனிட் வண்டி. இது நிற்காத கூட்ஸ்.

கூட்ஸ் கார்டை இப்போது டிரெயின் மேனேஜர் என்கிறார்களாமே?
– வி.பி., பெரம்பூர்

2022 ஜனவரியிலிருந்து. என் பென்ஷன் அட்டையில் கார்டுதான். அமெரிக்காவில் கடைசிப் பெட்டியையே 1980-களில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு சின்னக் கருவி, காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று இன்ஜினுக்கு ரேடியோவில் சொல்லும், சிவப்பு விளக்குக் காட்டும். நம் ஊருக்கும் அந்தக் கருவி வந்துவிட்டது. அந்தக் கடைசிப் பெட்டிதான் பிரேக் வேன். என் காலத்தில் அதில் கரண்டு கிடையாது, கக்கூஸ் கிடையாது, பாம்பு மட்டும் ஒருமுறை வந்தது. அதை எடுப்பதற்கு நான் அழமாட்டேன்.

உங்கள் சர்வீஸில் அப்படி ஏறி வந்த யாரையாவது பிடித்ததுண்டா? என்ன செய்தீர்கள்?
– ஜே., வியாசர்பாடி

இறக்கிவிட்டவர்கள் நிறைய. குடித்துவிட்டு ஏறியவர், அடுத்த ஸ்டேஷனில் மாமியார் வீடு என்று ஏறியவர், யார்டில் சிந்திய கோதுமையைக் கூட்டி எடுக்க ஏறி, வண்டி கிளம்பியது தெரியாமல் மாட்டிக்கொண்ட கிழவி. அவர்களை எழுதினால் ஒரு இதழ் போதாது. ஒருவனை மட்டும் சொல்கிறேன்.

1993 கோடை. மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய வருடம், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போது பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்திலிருந்து நம் துறைமுகத்துக்கு இரும்புத் தாது வரும். நான் கூடூரில் வண்டியை எடுத்தேன். ராத்திரி பொன்னேரி லூப்பில் போட்டார்கள். வண்டி புறப்பட வழிவிடுகிற ஸ்டார்ட்டர் சிக்னல் விழுகிற மாதிரி இல்லை, சரி, வண்டியை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று டார்ச்சோடு இறங்கினேன். பின்னாலிருந்து ஒன்பதாவதோ பத்தாவதோ வேகன். உள்ளே இருமல்.

தாது கனமான சரக்கு. வேகன் பாதி நிறைவதற்குள் எடை வந்துவிடும். அதனால் மேலே உட்கார்ந்த ஆள் மறைகிற உயரத்துக்குச் சுவர் இருக்கும், உள்ளே குவியல் மேல் யார் உட்கார்ந்தாலும் வெளியே தெரியாது. ஏணியில் கால் வைத்து டார்ச் அடித்தேன். இரண்டு கண் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் சிவப்பு. தலைமுடி, இமை, உதடு, சட்டை எல்லாம் ஒரே செம்மண். பன்னிரண்டு வயது இருக்கும். நான் கத்தினதும் அவன் எழுந்து நின்று சுவர் மேல் ஏறப் பார்த்தான். தலைக்கு மேல் கம்பி. அவனுக்கு அது தெரியாது, அவன் ஏறிய பக்கமெல்லாம் டீசல் லைன். ‘கூச்சோ, கூச்சோ’ என்று நான் போட்ட சத்தம் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். தெலுங்கு அவனுக்குப் புரிந்தது. உட்கார்ந்தான்.

பிரேக் வேனுக்குக் கூட்டிவந்து கேரியரில் மிச்சமிருந்த புளிச்சோற்றைக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்டான்: ‘மெட்ராஸ் எப்புடு ஒஸ்துந்தி சார்?’ மெட்ராஸ் எப்போது வரும். எனக்குத் தெரியவில்லை. சிக்னல் விழுந்தால் வரும் என்றேன். இரண்டு ராத்திரியாக இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே அவன் உட்கார்ந்து வந்திருக்கிறான். வண்டி நிற்கிற இடமெல்லாம் இதுதான் மெட்ராஸோ என்று எட்டிப் பார்த்திருக்கிறான். இறங்கினால் வண்டி போய்விடும், இறங்காவிட்டால் மெட்ராஸ் போய்விடும். எங்கேயும் போர்டு இல்லை.

விடியற்காலை துறைமுகத்துக்குள் போனோம். அவன் சினிமாவில் பார்த்த சென்ட்ரல் ஸ்டேஷனும் பீச்சும் தெரியும் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே வந்தான். தெரிந்தது என்ன தெரியுமா? மலை மலையாக இரும்புத் தாது. அவன் ஊரிலிருந்து எங்களைப் போல எத்தனையோ கூட்ஸ் கொண்டுவந்து கொட்டியது. என் முகத்தைப் பார்த்து, ‘மா ஊரே கதா சார் இதி’ என்றான். எங்க ஊரேதானே சார் இது.

விதிப்படி அவனை ரயில்வே போலீஸிடம் ஒப்படைத்து, கார்டின் பதிவேடான ஜர்னலில் எழுதியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098 எண்ணெல்லாம் அப்போது இல்லை. இன்றைக்கு நான் இருந்தால் முதலில் அதைத்தான் அழைப்பேன், நீங்களும் அதையே செய்யுங்கள். அன்று நான் எழுதவில்லை. கொருக்குப்பேட்டையில் என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். லாரித் தண்ணீர் ஆளுக்கு இரண்டு குடம் என்று சண்டை போட்டுப் பிடித்து வைத்திருந்த நாள். என் மனைவி அவனைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் ஐந்து குடமும் காலியானது. சிவப்புத் தண்ணீர் சந்து முனை வரை ஓடியது. எதிர்வீட்டு அம்மா, ‘இன்னாக்கா, மஞ்சத் தண்ணி ஊத்துறியா, உம் பொண்ணு வயசுக்கு வந்துச்சா’ என்று கேட்டது. எங்களுக்குப் பெண்ணே கிடையாது.

ஏன் வந்தாய் என்றதற்கு அப்பா அடிக்கிறார் என்றான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் என் மகனின் பச்சைக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுவிட்டு, டிக்கெட் எடுத்து, ரேணிகுண்டா வரை நானே கூட்டிப்போய், குண்டக்கல் பக்கம் போகிற கார்டு ஒருவரிடம் ஒப்படைத்தேன். பாசஞ்சர் வண்டி. ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் போர்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான், சத்தமாக.

வீட்டில் சேர்த்துவிட்டதாக அந்தக் கார்டு ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, டியூட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற எங்கள் லாபியில் ஒருவர் பேச்சுவாக்கில், ரேணிகுண்டா யார்டில் காலி வேகனிலிருந்து ஒரு பொடியனை இறக்கினோம், பிடிக்கப் போனால் ஓடிவிட்டான் என்றார். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டேன். பச்சைக் கட்டம் என்றார். எந்தத் திசை வண்டி என்று கேட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை.